பூட்டுப்பெட்டி, சோதனைக் கிட், நாலாக்ஸோன்: பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு எது தேறும்?

மருந்துப் புட்டியில் 'குழந்தைகளால் திறக்க முடியாத மூடி' என்று போட்டிருந்தால் பெற்றோருக்கு ஒரு நிம்மதி. அழுத்தித் திருகும் அந்த மூடிக்குச் சான்று தருவதற்கான சோதனையில் உட்காருபவர்கள் 42 முதல் 51 மாதம் வரையுள்ள குழந்தைகள். முதல் 5 நிமிடத்தில் அவர்களில் 85 சதவீதம் பேரால் திறக்க முடியாமலும், திறந்து காட்டிய பிறகும் 80 சதவீதம் பேரால் முடியாமலும் இருந்தால் மூடி தேறிவிட்டது. குழந்தைகளைப் பற்றி ஐ.எஸ்.ஓ. 8317 என்ற சர்வதேசத் தரம் கேட்பது இவ்வளவுதான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் மூடி.

பதின்ம வயதினர் தவறாகப் பயன்படுத்தும் வலி மாத்திரைகளில் பெரும்பங்கு தெருமுனையில் கைமாறுவதல்ல. சொந்த வீட்டு அலமாரியிலிருந்தோ, நண்பன் வீட்டு அலமாரியிலிருந்தோ வருகிறது. கடைவாய்ப் பல் பிடுங்கியபோது எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியது, தாத்தாவின் மூட்டுவலிக்கு வாங்கியது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைத்தது. குடியும் அப்படித்தான், வீட்டிலேயே கிடைக்கிறது. இதைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருட்கள் இப்போது நிறைய. மருந்துப் பூட்டுப்பெட்டி, மருந்தைச் செயலிழக்கச் செய்யும் பை, மதுப் பாட்டில் பூட்டு, சிறுநீர்ச் சோதனைக் கிட், மூச்சில் மது அளக்கும் மீட்டர், ஓபியாய்டு வலி மாத்திரை அளவு மீறினால் அதை முறிக்க மூக்கில் அடிக்கும் நாலாக்ஸோன் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், அதிகம் விளம்பரமாகும் பொருட்கள்தான் வீட்டில் குறைவாக உதவுகின்றன.

எடை போட இரண்டே கேள்விகள். மாத்திரைக்கும் பிள்ளைக்கும் நடுவே இந்தப் பொருள் முன்கூட்டியே நிற்கிறதா? மாத்திரையும் மதுவும் சேர்ந்துவிட்ட இரவில் உயிரைக் காப்பாற்றுமா?

அந்தச் சேர்க்கை ஏன் தனியாகப் பயப்பட வேண்டியது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போவோம். ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள், அதாவது கோடீன், டிராமடால், டேபென்டடால், ஆக்ஸிகோடோன், மார்ஃபின் போன்றவை, மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தமாக்குகின்றன. மதுவும் மூளையை மந்தமாக்குவதுதான். தனித்தனியே எடுத்தால் தாங்கிக்கொண்டிருக்கக்கூடிய அளவுகள், சேரும்போது மூச்சை நிறுத்தக்கூடும். ஓபியாய்டுக்குப் பழக்கப்படாத இளம் உடலில் இதற்கான இடைவெளி இன்னும் குறைவு. மாத்திரையின் தயாரிப்பு முறையும் ஒரு காரணம். 12 மணி, 24 மணி நேரம் மெதுவாக வெளியாகும்படி செய்த சில மாத்திரைகளின் பூச்சு மதுவில் கரைந்து, முழு நாளுக்கான மருந்தும் ஒரே மூச்சில் இரத்தத்தில் கலந்துவிடும். ஹைட்ரோமார்ஃபோன் அடங்கிய 'பல்லடோன்' என்ற மருந்து 2005-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது இதனால்தான். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஓபியாய்டுகளைத் தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மது ஆகியவற்றோடு சேர்ப்பது பற்றி அதன் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

பூட்டுப்பெட்டி

வாங்கலாம். ஆனால் சந்தையில் 'மருந்துப் பெட்டி' என்ற பெயரில் விற்கும் பாதிப் பொருட்கள் பூட்டு போட்ட டப்பாக்கள், அவ்வளவே.

முதலில் பார்க்க வேண்டியது பெட்டியைச் சுவரோடோ அலமாரித் தட்டோடோ உள்ளிருந்து திருகாணி போட்டு இறுக்க வழி இருக்கிறதா என்பது. பின்பக்கமோ அடிப்பக்கமோ குறைந்தது இரண்டு துளை வேண்டும். இறுக்காத பெட்டி எவ்வளவு கெட்டியானாலும் அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாம். கைப்பிடி வைத்து, 'பயணத்துக்கு ஏற்றது' என்று விற்கும் பெட்டிகளின் கோளாறு இதுதான். எஃகுக் கம்பி வடம் சுற்றிக் கட்டும் வகை ஓரளவு பரவாயில்லை. துணிப் பை வகை எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

அடுத்தது பூட்டு. பணப்பெட்டி போல வரும் மலிவு இரும்புப் பெட்டிகளில் ஒரே வார்ப்புச் சாவி பல பெட்டிகளுக்குப் பொருந்தும். மூன்று எண் பூட்டில் மொத்தம் 1000 சேர்க்கைதான். வேலை மெனக்கெட்டு உட்காரும் பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும். நான்கு எண்ணில் 10,000. இந்த ஒரு எண் வித்தியாசத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது தகும். பிறந்த ஆண்டு, வண்டி எண், கைபேசியின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றை வைக்கவே கூடாது, பிள்ளை முதலில் போட்டுப் பார்ப்பது அவற்றைத்தான். விசைப்பலகை வைத்த மின்னணுப் பெட்டிகள் தொழிற்சாலையில் போட்ட ஒரு பொது எண்ணோடு வருகின்றன. அதை மாற்றாமலே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. பேட்டரி தீர்ந்தால் திறக்க ஓர் அவசரச் சாவி கூடவே வரும். அந்தச் சாவியை பெட்டிக்கு மேலேயோ பக்கத்து இழுப்பறையிலோ வைத்தால் பெட்டி வாங்கியதே வீண். கைரேகைப் பூட்டு வசதியானது, ஈரக் கையில் முரண்டு பிடிக்கும். ஆழ்ந்து தூங்கும் அப்பாவின் விரலை மெல்ல எடுத்து வைப்பது பிள்ளைகளுக்குத் தெரியாத வித்தை அல்ல என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுழல் எண் பூட்டுகளில் அடிக்கடி வரும் புகார் ஒன்று: 'நான் வைத்த எண்ணே வேலை செய்யவில்லை.' எண்ணை மாற்றுவதற்கான சிறு நெம்பு பெட்டி மூடியின் உள்பக்கம் இருக்கும். திறந்திருக்கும்போது புட்டி எதுவும் இடித்து அது நகர்ந்துவிட்டால், அப்போது சக்கரத்தில் எந்த எண் நிற்கிறதோ அதுவே புதிய எண்ணாகிவிடும். நெம்பின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

அளவை மறந்துவிடுகிறார்கள். 100 மி.லி. சிரப் புட்டி நிற்கும் உயரம் உள்ளே வேண்டும், படுக்க வைத்தால் கசியும். குளியலறையில் பெட்டியை மாட்டக் கூடாது, ஈரப்பதத்தில் மாத்திரையும் கெடும், பூட்டும் துருப்பிடிக்கும். அடுப்புக்கு மேலும் கூடாது.

உள்ளே எவை போக வேண்டும்? ஓபியாய்டு வலி மாத்திரைகள் எல்லாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகள். நரம்பு வலிக்கான கபாபென்டின், பிரிகாபலின், ஏனென்றால் இவையும் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும் என்று 2019-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. கோடீன் அல்லது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சேர்ந்த இருமல் மருந்து. கவனக்குறைபாட்டுக்கான மாத்திரைகள். மொத்தமாக வாங்கி வைத்த பாராசிட்டமால். எவை போகக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்: ஆஸ்துமா இன்ஹேலர், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி, நாலாக்ஸோன். பூட்டின் எண் தெரியாதவர்தான் அவசரத்துக்கு வீட்டில் இருப்பார்.

பெட்டியோடு ஒரு தாள் வைக்காவிட்டால் பெட்டி பாதி வேலைதான் செய்யும். தேதி, மருந்தின் பெயர், மி.கி. அளவு, மீதி எண்ணிக்கை, எடுத்தவர் கையெழுத்து, ஐந்தே கட்டம். வாரம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணும்போது அட்டையை மேலோட்டமாகப் பார்த்து ஓட்டக் கூடாது. பின்பக்கத் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குழியின் ஓரமாக மெல்லிய கோடோ, தடவினால் விரலில் தட்டும் மடிப்போ இருக்கிறதா? குழியை லேசாக அழுத்தினால் மாத்திரை உள்ளே அசைவது தெரிய வேண்டும். புட்டியில் உதிரியாக வரும் மாத்திரை என்றால் ஒவ்வொன்றின் மேலும் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து, உள்ளே இருப்பது வேறு வெள்ளை மாத்திரையாக இருப்பதும் நடக்கிறது.

நேரம் வந்தால் மட்டும் ஒரு வேளை மாத்திரையை வெளியே தரும் சுழல் டப்பாக்களும் உண்டு. 28 அறை, சாவிப் பூட்டு, அலாரம் எல்லாம் இருக்கும். அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைக்கே சில நாள் ஓபியாய்டு தர வேண்டியிருந்தால் பயன்படும். வாங்கும் முன் ஒரே சோதனை செய்யுங்கள். எல்லா அறையிலும் சாதாரண மிட்டாயைப் போட்டுப் பூட்டி, கவிழ்த்துக் குலுக்குங்கள். அடுத்த அறையிலிருந்து ஒன்று விழுந்தாலும் அந்த மாடல் வேண்டாம். மற்றபடி அந்த நாட்களில் பெரியவர் கையால் ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை எடுத்துத் தருவதும் இதே வேலையைச் செய்யும்.

செயலிழக்கச் செய்யும் பை

இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த முயற்சியில் மிக அதிகப் பலன் தருவது. மிச்சமே இல்லாத வீட்டில் பூட்ட என்ன இருக்கிறது?

பைக்குள் செயலூட்டிய கரி இருக்கும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்டு, வெதுவெதுப்பான குழாய் நீரைக் குறியிட்ட அளவுக்கு ஊற்றி, அரை நிமிடம் விட்டு, வாயை மூடிக் குலுக்கினால் கரி மருந்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிறகு பையோடு குப்பையில் போடலாம். தவறுவது மூன்று இடங்களில். அட்டையோடு போடுவது, அப்போது நீர் மாத்திரையைத் தொடவே தொடாது. பையில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் திணிப்பது, கரிக்கு ஒரு கொள்ளளவு உண்டு. தண்ணீரே ஊற்றாமல் மூடி எறிவது. சிரப்பும் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையும் போடலாமா, எத்தனை போடலாம் என்பது பையின் முதுகில் இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

பை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். மருந்தைத் திரும்பப் பெறும் மருந்தகமோ மருத்துவமனையோ இருந்தால் அங்கே கொடுப்பதே முதல் தேர்வு. இல்லாவிட்டால் மாத்திரையை மண், பயன்படுத்திய காபித்தூள் சக்கை போன்று யாரும் கை வைக்க விரும்பாத ஒன்றோடு கலந்து, மூடியுள்ள டப்பாவில் அடைத்துக் குப்பையில் போடலாம். மிக வீரியமான ஓபியாய்டான ஃபென்டனில் ஒட்டும் பட்டை மட்டும் தனி. பயன்படுத்திக் கழற்றிய பட்டையிலும் ஆளைக் கொல்லுமளவு மருந்து மிஞ்சியிருக்கும். பசைப் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து உடனே அகற்ற வேண்டும். திரும்பப் பெறும் இடம் கைக்கெட்டாத நிலையில் கழிப்பறையில் போட்டு நீர் ஊற்றலாம் என்று எஃப்.டி.ஏ. பட்டியலிட்டிருக்கும் சில மருந்துகளில் அதுவும் ஒன்று.

இதைவிடவும் மலிவான வழி, மிச்சம் வராமல் வாங்குவது. பல் பிடுங்கிய வலிக்கு ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து ஓபியாய்டுக்குச் சளைக்காமல் வேலை செய்கின்றன, அவற்றைத்தான் முதலில் தரச் சொல்கின்றன பல் மருத்துவ வழிகாட்டுதல்கள். ஒவ்வாமையோ சிறுநீரக, வயிற்றுக் கோளாறோ இருந்தால் கதை வேறு. 'இது ஓபியாய்டா? இல்லாமல் முடியாதா? முடியாது என்றால் மூன்று நாளுக்கு மட்டும் எழுதலாமா?' என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. 12 வயதுக்குக் கீழே வலிக்கு கோடீனும் டிராமடாலும் கொடுக்கவே கூடாது, 18 வயதுக்குக் கீழே டான்சில் அறுவைக்குப் பின் டிராமடால் கூடாது என்று எஃப்.டி.ஏ. 2017-ல் சொல்லிவிட்டது.

மதுப் பாட்டில் பூட்டு

வேண்டாம். கார்க் இருந்த இடத்தில் செருகி எண் வைக்கும் இந்தப் பூட்டு சில கழுத்தளவுக்கு மட்டுமே பொருந்தும், திருகு மூடிக்குப் பொருந்தாது, பீர் கேனுக்குக் கேள்வியே இல்லை. அலமாரிக் கதவில் ஒரு கொண்டியும் நல்ல பூட்டும் போட்டால் எல்லாப் பாட்டிலும் ஒரேயடியாக உள்ளே போய்விடும். லேபிளில் பேனாவால் அளவுக் கோடு போட்டு வைப்பதும் காலத்துக்கு உதவாது. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் கோடு பொய் சொல்லும்.

சிறுநீர்ச் சோதனைக் கிட்

பெற்றோர் முதலில் ஓடிப்போய் வாங்குவது இதைத்தான். பட்டியலில் மிகவும் தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே.

கோடுகளிலிருந்து தொடங்குவோம். கிட்டின் சோதனைப் பட்டையில் 'சி' என்ற இடத்தில் ஒரு கோடு, 'டி' என்ற இடத்தில் ஒரு கோடு வந்தால் மருந்து இல்லை என்று பொருள். 'சி' மட்டும் வந்து 'டி' வராவிட்டால்தான் இருக்கிறது என்று பொருள். கர்ப்பச் சோதனைக்கு நேர் எதிர். 'டி' கோடு வெளிறி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது என்றாலும் அது 'இல்லை'தான். வெளிறிய கோட்டைக் கொஞ்சம் போதை என்று எடுத்துக்கொண்டு வீட்டில் பூகம்பம் கிளம்பிய கதைகள் ஏராளம். 'சி' கோடே வராவிட்டால் கிட் கெட்டது, எறிந்துவிடுங்கள். பெரும்பாலான கிட்களில் 5-வது நிமிடம் படிக்க வேண்டும். 10 நிமிடம் தாண்டிப் படித்தது செல்லாது.

அடுத்து, எதைப் பார்க்கிறது என்பது. 'ஓபியேட்' என்று எழுதியிருக்கும் பட்டை மார்ஃபினையும் கோடீனையும் ஹெராயினின் எச்சத்தையும் மட்டும் பிடிக்கும். டிராமடால், டேபென்டடால், ஃபென்டனில், மெத்தடோன், புப்ரெனார்ஃபின் எதுவும் அதில் தெரியாது. ஆக்ஸிகோடோன் சரியாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை வேண்டும். ஆக்ஸிகோடோனுக்கு ஓ.எக்ஸ்.ஒய்., டிராமடாலுக்கு டி.ஆர்.ஏ., ஃபென்டனிலுக்கு எஃப்.ஒய்.எல்., மெத்தடோனுக்கு எம்.டி.டி. என்று மூடியிலோ ஓரத்திலோ பொறித்திருக்கும். '5 வகை', '10 வகை' என்று பெரிதாகப் போட்டிருக்கும் கப்பில் உங்கள் அலமாரியில் காணாமல் போன மாத்திரைக்கான பட்டை இல்லாமலே இருக்கலாம். வரம்பு எண்ணும் உண்டு, ஒரு மி.லி. சிறுநீரில் அதற்கு மேல் இருந்தால்தான் பட்டை 'இருக்கிறது' என்று காட்டும். ஓபியேட் பட்டை 300 நானோகிராம், 2000 நானோகிராம் என்று இரண்டு விதமாக வருகிறது. முதலாவது கசகசா சாப்பிட்டாலும் 'இருக்கிறது' என்று காட்டிவிடும். லீவோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் சில கிட்களைக் குழப்பும். அதனால் 'இருக்கிறது' என்று வந்தால் அது சந்தேகம்தான், முடிவு அல்ல. ஆய்வகத்தில், மூலக்கூறின் எடையை வைத்து மருந்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதி செய்த பிறகே பேச வேண்டும். 'இல்லை' என்று வந்தால் அதுவும் சான்றாகாது, பெரும்பாலான ஓபியாய்டுகள் ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும்.

மது இன்னும் சீக்கிரம் மறையும். அதன் எச்சமான ஈ.டி.ஜி.-யைத் தேடும் பட்டை இரண்டு மூன்று நாள் வரை காட்டும் என்பது உண்மைதான். ஆனால் 100 நானோகிராம் வரம்புள்ள பட்டை கை கழுவும் சானிடைசருக்கும் வாய் கொப்பளிக்கும் திரவத்துக்கும்கூட எகிறக்கூடும். 500 வரம்புள்ளது ஓரளவு தேவலை.

இந்தக் குழப்பங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று சிறுநீர் கேட்கும் அப்பாவிடம், நாளை ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டால் பிள்ளை போன் செய்யுமா? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007-லேயே பெற்றோர் வீட்டில் இப்படிச் சோதிப்பதை ஆதரிக்கவில்லை. சோதனையில் தெரியாத பொருளுக்குப் பிள்ளை மாறிக்கொள்வதும் நடக்கும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்யும் சோதனை வேறு விஷயம். சந்தேகம் மட்டும் இருந்தால் கிட்டுக்குப் பதிலாக 'கிராஃப்ட்' கேள்விகள் மேல். போதையிலிருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, தனியாக இருக்கும்போது எடுத்ததுண்டா, எடுத்தபோது நடந்தது மறந்துபோனதுண்டா என்கிற மாதிரி ஆறு கேள்விகள், 12 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்காக வடிவமைத்தவை. இரண்டுக்கு 'ஆம்' வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவர் மருத்துவரோ ஆலோசகரோ, பெற்றோர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். காசு செலவில்லாத இந்தக் காகிதம் கிட் தராத தகவலைத் தரும்.

மூச்சு மீட்டர்

இரண்டு வகை. செமிகண்டக்டர் சென்சார் மலிவு, ஆனால் மது இல்லாத வேறு ஆவிகளையும் மது என்று காட்டக்கூடும், சர்க்கரை நோய் முற்றியவரின் மூச்சிலுள்ள அசிட்டோன் உட்பட. பிளாட்டினம் மின்முனை வைத்த ஃப்யூயல் செல் வகை நம்பகமானது. வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அளவீட்டைச் சரிபார்க்கவும் அனுப்ப வேண்டும். குடித்த 15 நிமிடத்துக்குள் ஊதினால் வாயில் ஒட்டியிருக்கும் மதுவே எண்ணை ஏற்றிக் காட்டும். வாய் கொப்பளித்தவுடன் ஊதினாலும் அதே கதை. ஒரே ஒரு ஊதலை வைத்து அளவு ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது, 20 நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும். உடல் மதுவை எரிப்பது 100 மி.லி. இரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 0.015 கிராம் வேகத்தில்தான். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் மாறாது.

கருவியாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு இது ஆபத்தான பொருள். பிள்ளை தள்ளாடுகிறது, மீட்டர் 0.04 என்று குறைவாகக் காட்டுகிறது, 'கொஞ்சம்தான் குடித்திருக்கிறான், தூங்கட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். வயிற்றில் இருக்கும் மாத்திரை மீட்டருக்குத் தெரியாது. மது குறைவாக இருந்தும் பிள்ளை அளவுக்கு மீறி மயங்கியிருந்தால், அந்தச் சின்ன எண்ணே பயப்பட வேண்டிய அடையாளம். மிக மோசமான நிலையில் இருப்பவரால் ஐந்து விநாடி சீராக ஊதவே முடியாது என்பதும் உண்டு.

நாலாக்ஸோன் ஸ்பிரே

வீட்டில் ஓபியாய்டு மருந்து யாருக்காவது ஓடிக்கொண்டிருந்தால், பிள்ளை மேல் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது இருக்க வேண்டும். அளவு மீறியதைக் கண்ணால் பார்க்க வாய்ப்புள்ள எவர் கையிலும் நாலாக்ஸோன் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் பரிந்துரைத்தது. மூக்கில் அடிக்கும் 4 மி.கி. 'நார்கான்' 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2023 முதல் அங்கே சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. மற்ற நாடுகளில் விதி மாறும். சில இடங்களில் ஊசி மருந்தாக, மருத்துவமனையில் மட்டுமே இருக்கும். ஸ்பிரே கிடைக்காத ஊரில் கீழே சொல்வதில் ஸ்பிரேயை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்ய வேண்டும்.

எப்போது அடிப்பது? தோளைப் பிடித்து உலுக்கி, பெயர் சொல்லிக் கத்தி, மார்பெலும்பில் கைவிரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்தும் விழிக்கவில்லை. நிமிடத்துக்கு எட்டு பத்து மூச்சுக்கும் குறைவு. உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுகின்றன. தொண்டையில் களகள என்று விட்டு விட்டு வரும் குறட்டை. இந்தக் குறட்டையைக் கேட்டுத்தான் நிறைய வீடுகளில் 'நன்றாகத் தூங்குகிறான்' என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கியிருந்தால் அது ஓபியாய்டாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். சுருங்காவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, டிராமடாலிலும் கலவைகளிலும் ஏமாற்றும்.

செய்முறை சின்னது. முதலில் ஆம்புலன்ஸை அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துக் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். ஸ்பிரேயின் முனையை ஒரு மூக்குத் துளைக்குள் உங்கள் விரல்கள் மூக்கைத் தொடும் வரை செலுத்தி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். உள்ளே இருப்பது 0.1 மி.லி., ஒரே ஒரு தடவைக்கு. வேலை செய்கிறதா என்று காற்றில் அடித்துப் பார்த்தால் மருந்து போயே போச்சு. மூச்சு இல்லாவிட்டாலோ திணறினாலோ 5 விநாடிக்கு ஒன்று என்று வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், இதயத்துடிப்பும் இல்லை என்று தோன்றினால் போனில் இருப்பவர் சொல்கிறபடி மார்பை அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் விழிக்காவிட்டால் புதிய ஸ்பிரேயை அடுத்த துளையில் அடியுங்கள். பெட்டியில் இரண்டு வருவது இதற்காகத்தான், ஒன்றை எடுத்துப் பைக்குள் தனியாக வைக்காதீர்கள். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மது உள்ளே இருக்கிறது, வாந்தி வரும், மல்லாந்து கிடந்தால் அது நுரையீரலுக்குள் போகும். குளிர்ந்த நீர் ஊற்றுவது, உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, காபி ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. இது ஓபியாய்டை மட்டும் முறிக்கும். மதுவையும் தூக்க மாத்திரையையும் தொடாது, அதனால் கலந்து எடுத்த பிள்ளை மூச்சு சீரான பிறகும் மயக்கத்திலேயே இருக்கலாம். டிராமடாலைப் பாதிதான் முறிக்கும், அதனால் வரும் வலிப்பை நிறுத்தாது. ஓபியாய்டே எடுக்காதவருக்கு அடித்துவிட்டால் கெடுதல் ஏதும் இல்லை, ஆகவே சந்தேகத்தில் அடிக்கலாம்.

பெரிய குறை வேலை நேரம். 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். 12 மணி நேர மாத்திரை அதற்குப் பிறகும் உடலில் இருக்கும், மூச்சு மறுபடி அடங்கும். எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று பிள்ளை அடம் பிடிக்கும்போது பெரியவர்கள் இளகிவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. கோடீனும் டிராமடாலும் பல அட்டைகளில் பாராசிட்டமாலோடு சேர்ந்தே வருகின்றன. நாலாக்ஸோன் பிள்ளையை எழுப்பிவிடும், பாராசிட்டமால் கல்லீரலை அரித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் வாந்தி, குமட்டல் தவிர ஒன்றும் தெரியாது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறத்தாழ முழுமையாகத் தப்பும். நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறையும். எனவே காலி அட்டை, புட்டி, குப்பைத் தொட்டியில் கிடக்கும் உறை என எது கிடைத்தாலும் ஆம்புலன்ஸில் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எப்போது எடுத்தது என்று பிள்ளையோ நண்பனோ சொல்லும் நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். இரத்தத்தில் அளவைப் பார்த்து முடிவெடுக்க மருத்துவருக்கு அந்த நேரம்தான் அடிப்படை, விழுங்கி 4 மணி நேரம் ஆகும் முன் எடுத்த இரத்த அளவை வைத்துக் கணிக்கவும் முடியாது.

ஸ்பிரேயை 25 டிகிரிக்குள் அறை வெப்பத்தில், வெளிச்சம் படாமல், அதன் அட்டைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். காரின் முன்பெட்டியில் வெயிலில் விட்டுவிடக் கூடாது, உறைபெட்டியிலும் கூடாது. காலாவதி மாதத்தைப் பெட்டிக்கு வெளியே பெரிதாக எழுதி, பெரியவர்களோடு பிள்ளைக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். விழுந்து கிடப்பது அவன் நண்பனாக இருந்தால் ஓடி வந்து எடுக்கப் போவது அவன்தான்.